வழியனுப்பும் ஊசி

சிங்காநல்லூர்
18-5-1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

லட்சுமி எழுதுவது. நான், அவர், ஹாரிகா மூவரும் சுகம். வெயில்தான் சுகமாக இருக்க விடமாட்டேன் என்கிறது. உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? போன கடிதத்தில் சர்க்கரை 'கொஞ்சம்' என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் என்றால் எத்தனை என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் சொன்னால் குறைந்துபோய்விட மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெபடைடிஸ் சி பற்றி எங்கள் மருத்துவமனையில் ஒரு பயிற்சி ஆரம்பிக்கிறோம். ரத்தத்தின் வழியாகப் பரவி, பதினைந்து இருபது வருஷம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்கிற கிருமி. வயிறு வீங்கி வந்த பிறகு நாம் கையைப் பிசைகிறோம். முன்பே கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. ஆனால் நோயாளி முதலில் போவது எங்களைப் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு இல்லையே, உங்களிடம்தானே. அதனால் ஊர் டாக்டர்கள், நர்ஸுகள், லேப்காரர்கள் எல்லோரையும் கூப்பிடுகிறோம். யாரைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது, யாருக்கு மருந்து, ஊசியைப் பத்திரமாகப் போடுவது எப்படி என்று நான்கு நாள் வகுப்பு. நானும் வின்ஸ்டன் டாக்டரும் நடத்துகிறோம்.

சோதனைக் கிட் நேற்றுதான் வந்தது. லேப் பிள்ளைகள் பழகுவதற்கு முதலில் எங்கள் ரத்தத்தையே கொடுக்கப்போகிறோம். வரிசையில் முதல் ஆள் நான்.

ஜூன் ஏழாம் தேதி முதல் வகுப்பு. வெள்ளகோவிலில் இருந்து நீங்கள்தான் முதலில் வர வேண்டும். நீங்கள் வந்தால் அந்தப் பக்கத்து டாக்டர்கள் எல்லோரும் வருவார்கள்.

அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை
வரலட்சுமி


வெள்ளகோவில்
25-5-1999

கண்ணு லச்சுவுக்கு அண்ணன் ஆசிகள் பல.

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசியிருக்கலாமே என்றாள் உன் அண்ணி. போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். கடிதத்தில்தான் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. அவளுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. போதுமா? என் முழங்கால் என்னோடு ஊர்ப் பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருக்கிறது.

அம்மணி, உன் வகுப்புக்கு நான் எதற்கு? சுந்தரராஜுலு டாக்டர் கையால் ஒரு ஊசி விழுந்தால் காய்ச்சல் பஸ் ஏறிப் போய்விடும் என்று காங்கேயத்திலிருந்து ஆள் வருகிறது. முப்பத்தொரு வருஷத்தில் ஒருவருக்கும் ஊசி போட்ட இடம் சீழ் பிடித்ததில்லை. காலையிலும் மதியத்திலும் சிரிஞ்சை அரை மணி நேரம் கொதிக்க வைக்கிறேன். ஆளுக்கு ஆள் நீடிலை மாற்றுகிறேன். இதற்கு மேல் நான்கு நாள் உட்கார்ந்து என்ன படிக்க வேண்டியிருக்கிறது?

பழனியாத்தாளை அனுப்புகிறேன். பதினேழு வருஷமாக என் கிளினிக்கைக் கட்டி மேய்க்கிற நர்ஸ் அவள். என்னிடம் கேட்காத கேள்வியை எல்லாம் உங்களிடம் கேட்கட்டும்.

சித்திரைக்கும் நீ வரவில்லை. ஆவணியில் நோன்புக்காவது வந்துவிடு. ரெண்டு நாள் இருந்து தின்று தூங்கு. ஊருக்குக் கிளம்பும்போது வழக்கம்போல ஒரு சத்து ஊசி போட்டு அனுப்புகிறேன். மற்ற வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் புடவையும் தேங்காயும் கொடுப்பார்கள். நம் வீட்டுச் சீர் இதுதான். இடது கையில்தான் போடுவேன், பயப்படாதே. வலது கை மருந்துச் சீட்டு எழுத வேண்டிய கை.

மாப்பிள்ளை பாலகோபாலைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
சுந்தரராஜுலு


சிங்காநல்லூர்
24-6-1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வகுப்பு வேலை அப்படி. வீட்டில் எல்லோரும் நலம். அண்ணி இருநூற்றுப் பத்தில் இருந்து இறங்கினார்களா?

பழனியாத்தாள் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டார். நாற்பது பேர் இருந்த வகுப்பில் அவர் ஒருவர் குரல்தான் கேட்டது. "ஏனுங்க டாக்டரம்மா, சூடு ஆறாத சிரிஞ்சுன்னாலும் நடுவுல கொதிக்க வெக்காம அடுத்த ஆளுக்குப் போடலாமுங்களா?" என்று கேட்டார். போடக்கூடாது என்றேன். அப்படியே எழுதிக்கொண்டு, அடியில் இரண்டு கோடு போட்டார். நல்ல நர்ஸை வைத்திருக்கிறீர்கள்.

லேப் பிள்ளைகள் எங்கள் ரத்தத்தில் பழகினார்கள். மிஷின் சரியாக வேலை செய்கிறது. அதில் சந்தேகமே இல்லை, இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீடிலை மாற்றுகிறீர்கள், சரி. சிரிஞ்சை? ஊசி போடும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ரத்தம் நீடில் வழியாக சிரிஞ்சுக்குள் ஏறிவிடும். அடுத்த ஆளுக்கு நீடில் புதுசு, சிரிஞ்சு பழசு. நீங்கள் காலையில் எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும், முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவில் அது கொதிக்கவில்லையே. ஒரு தடவை போட்டு எறிகிற பிளாஸ்டிக் சிரிஞ்சுக்கு மாறிவிடுங்கள். இன்றைக்கே.

ஹாரிகா கல்லூரி லீவில் மாமாவைப் பார்க்க அங்கே வருகிறேன் என்கிறாள். வரட்டும். கிளம்பும்போது அந்த ஊசி மட்டும் வேண்டாம்.

தங்கை
வரலட்சுமி


வெள்ளகோவில்
5-7-1999

லச்சுவுக்கு,

எல்லோரும் சுகம். ஹாரிகா வந்து போனாள். ஊசி போடவில்லை. நெல்லிக்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பினேன்.

நீ பிறந்தபோது எனக்குப் பதிமூன்று வயசு. உன்னைத் தூக்கிக்கொண்டு அம்மை ஊசிக்கு வரிசையில் நின்றவன் நான். உன் பிரசவத்துக்குப் பிறகு நீ எழுந்து நிற்க முடியாமல் கிடந்தபோது பன்னிரண்டு நாள் ஊசி போட்டுத் தேற்றியது யார்? இன்று என் சிரிஞ்சு அழுக்கு என்று எழுதுகிறாய். அதுவும் பழனியாத்தாள் மூலமாக ஊரே கேட்கிற மாதிரி! அவள் வந்ததிலிருந்து நான் ஊசியை எடுத்தால் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பின்னால் மாமியார் நிற்கிற மாதிரி இருக்கிறது.

என் பெயரை நம்பித்தான் ஜனம் வருகிறது. அந்தப் பெயருக்கு நீ கேடு வைக்காதே.

அண்ணன்


வெள்ளகோவில்
16-7-1999

அன்புத் தங்கை லட்சுமிக்கு,

நீ பதில் போடவில்லை. நான் எழுதியதற்கு நீ பதில் போடவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படி.

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம் குறைந்த நேரம். பழனியாத்தாள் ஒரு டம்ளரில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரும் இன்னொரு டம்ளரில் நல்ல தண்ணீரும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "ஏனுங்க டாக்டர், ஒரு நிமிசம் உக்காருங்க. வகுப்புல செஞ்சு காட்டுனாங்க" என்றாள். சிரிஞ்சில் நீலத்தை உறிஞ்சினாள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியே தள்ளினாள், நான் செய்கிற மாதிரியே நீடிலைக் கழற்றிப் புது நீடில் மாட்டினாள். "இப்ப இது சுத்தமுங்களா?" என்றாள். சுத்தம்தான் என்றேன். நல்ல தண்ணீரில் நீடிலை விட்டாள். மருந்துக் குப்பிக்குள் கொஞ்சம் காற்றை ஏற்றிவிட்டுத்தானே உறிஞ்சுவோம், அதே மாதிரி ஏற்றினாள், உறிஞ்சினாள். வெள்ளைத் தாள் ஒன்று கேட்டாள். எனக்குத்தான் வாய்க்கொழுப்பு உனக்குத் தெரியுமே. "தாள் எதுக்கு, என் வேட்டியிலயே அடி" என்று சொல்லிப்போட்டேன்.

அடித்தாள்.

நீலமாக இருந்தது லட்சுமி. வெளிர் நீலம். ஆனால் நீலம். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், அந்தத் தண்ணீரும் லேசாக நிறம் மாறியிருந்தது. அப்படியானால் பத்துப் பேருக்குப் போடுகிற மருந்துக் குப்பியும் கெட்டுப்போயிற்று. அன்று காலையில் அதே சிரிஞ்சில் பதினான்கு பேருக்குப் போட்டிருந்தேன்.

பழனியாத்தாள் சிரிஞ்சைக் கீழே வைத்தாள். வேட்டியை மாற்றிக்கொண்டு வாங்க, ஆள் காத்திருக்கிறார்கள் என்றாள். கண்ணாடி சிரிஞ்சு அத்தனையையும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். திருப்பூருக்கு ஆள் அனுப்பிப் பிளாஸ்டிக் சிரிஞ்சு நான்கு டப்பா வாங்கியாயிற்று.

அடுத்த வகுப்பு எப்போது? முதல் பெஞ்சில் உட்காருகிறேன்.

அண்ணன்
சுந்தரராஜுலு


சிங்காநல்லூர்
9-8-1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசித் தடவை சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு அண்ணன் என்றால் இவர்தான் என்று பெருமையாக இருந்தது. அந்த வேட்டியைத் துவைக்கக் கொடுக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். வகுப்பில் காட்டலாம்.

உங்கள் பக்கத்து டாக்டர்களுக்கு வசதியாகக் காங்கேயத்திலேயே பதினாறாம் தேதி முதல் நான்கு நாள் வகுப்பு வைத்திருக்கிறோம். வின்ஸ்டன் வந்து நடத்துவார். எனக்கு இங்கே வேலை கழுத்துவரை இருக்கிறது, வர முடியாது. நோன்புக்கும் வருவது சந்தேகம். அண்ணியிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அண்ணா, அடுத்த வேலை இதைவிடக் கடினம். இனிமேல் தப்பு நடக்காது, சரி. இதுவரை ஊசி போட்டுக்கொண்டவர்கள்? அவர்களைச் சோதிக்க வேண்டும். அதை நான் வந்து சொன்னால் ஊர் கேட்காது. நீங்கள் கூப்பிட்டால்தான் கை நீட்டுவார்கள். உங்கள் பெயர் அடிபடும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

தங்கை
லட்சுமி


வெள்ளகோவில்
25-8-1999

கண்ணு லச்சுவுக்கு,

நாங்கள் சுகம். நோன்புக்கு நீ வருவாய் என்று உன் அண்ணி கொழுக்கட்டையை மூடி வைத்துக்கொண்டு ராத்திரி வரை பார்த்தாள். இப்போது உன்மேல் கோபமாக இருக்கிறாள். ரெண்டு வரி அவளுக்குத் தனியாக எழுது.

வகுப்புக்குப் போனேன். முதல் பெஞ்சு. பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நாலு மார்க்கை எங்கே விட்டேன் என்று வின்ஸ்டனோடு சண்டை போட்டேன். தங்கமான ஆள். உன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார். உன்னைக் கண்டு பயம் போலிருக்கிறது.

கிளினிக் வாசலில் போர்டு வைத்துவிட்டேன். 'இந்தக் கிளினிக்கில் முன்பு ஊசி போட்டுக்கொண்டவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு வரவும். நான் சிரிஞ்சை மாற்றாமல் போட்ட ஊசியால் ஈரல் நோய் வந்திருக்கலாம். கட்டணம் இல்லை.' இரண்டாவது வரி வேண்டாமே என்றாள் உன் அண்ணி. அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும் என்றேன்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. எண்ணெய் மில்காரர் குடும்பம் வேறு டாக்டரிடம் போய்விட்டது. இருபது வருஷப் பழக்கம், ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வலிக்கத்தான் செய்தது. மறுநாள் ராசாத்தாள் வந்தாள், முருங்கைக்காய் மண்டிக்குக் கூடை சுமக்கிறவள். போர்டை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். "ஏனுங்க, தப்புப் பண்ணிப்போட்டேன்னு நீங்களே போர்டு வெப்பீங்களா?" என்றாள். ஆமாம் அம்மணி என்றேன். "அப்ப இந்தாங்க, எடுங்க ரத்தத்த" என்று சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மண்டியே வந்தது.

எண்பத்து மூன்று பேர். ரத்தம் எல்லாம் ஐஸ் பிளாஸ்க்கில் பழனியாத்தாளோடு நாளை காலை பஸ்ஸில் சிங்காநல்லூருக்கு வருகிறது. அவளுக்கு ஒரு வாய் காபி கொடு.

அண்ணன்


(அஞ்சலட்டை)
சிங்காநல்லூர், 3-9-1999

அண்ணாவுக்கு வணக்கம். பிளாஸ்க் பத்திரமாக வந்தது. பழனியாத்தாள் வந்த அன்று நான் லீவு, பார்க்க முடியவில்லை. முடிவு வரப் பத்து நாள் ஆகும். அண்ணிக்குத் தனியாக எழுதுகிறேன். நலம்.
- லட்சுமி


சிங்காநல்லூர்
15-9-1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். வெயிலுக்கு முடியைக் கத்தரித்துவிட்டேன் என்று ஹாரிகா அண்ணிக்குப் போனில் சொன்னாளாமே. ஆமாம், கழுத்துக்குக் காற்று வருகிறது.

முடிவு வந்துவிட்டது. எண்பத்து மூன்றில் ஐந்து. பெயர்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ராசாத்தாளுக்கு இல்லை. ஐவரில் நான்கு பேருக்கு ஈரல் நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். குடியை விடச் சொல்லுங்கள். சிக்கந்தர் பாய்க்கு மட்டும் ஈரல் வீக்கம் இருக்கிறது. மருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்டர்பெரான் ஊசி, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று, ஒரு வருஷம். எல்லோருக்கும் கேட்கிற மருந்து இல்லை, பாதிப் பேருக்குக்கூட முழுசாகக் கேட்பதில்லை. அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் போராடிப் பார்க்கிற ஈரல்தான் அவருடையது. மருந்து எங்கள் மருத்துவமனையிலிருந்து வரும். நீங்களே போடலாம், நீங்கள் இப்போது பயிற்சி பெற்ற டாக்டர்.

பாய்க்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஊசியைச் சாயங்காலம் போட்டுக்கொள்ளவும். காய்ச்சல் மாத்திரையை அரை மணி முன்பே விழுங்கிவிடவும். ராத்திரி குளிர் வரும், கம்பளிக்குள்ளும் பல் ஆடும். பயப்பட வேண்டாம், விடியும்போது வேர்த்து விட்டுவிடும். மறுநாள் காலையில் வாய் பழைய சாவியைச் சப்பிய மாதிரி இருக்கும். காபி பிடிக்காது, எலுமிச்சம்பழத்தில் உப்புத் தொட்டு நக்கினால் சோறு இறங்கும். மறுநாள் முழுக்க விரல்மூட்டு எல்லாம் கனத்துப்போகும், பேனாகூடப் பிடிக்காது. சீப்பில் முடி வரும். காரணமில்லாமல் அழுகை வரும். அது மருந்தின் அழுகை, நம்முடையது இல்லை. அதற்கடுத்த நாள் எழுந்து உட்கார்ந்துவிடலாம்.

தங்கை
லட்சுமி


வெள்ளகோவில்
11-10-1999

லட்சுமிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

சிக்கந்தர் பாய்க்கு நான்காவது ஊசி போட்டாயிற்று. கடைவீதியில் கோரைப்பாய் பின்னுகிற மனுஷன், நோயைச் சொன்னபோது என் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். "நீங்களாச்சும் கூப்பிட்டுச் சொன்னீங்க" என்றார். அவருக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எலுமிச்சம்பழ உப்பு வந்ததும் தலையை ஆட்டினார். அழுகை வந்ததும் என்னை நிறுத்தச் சொன்னார். "டாக்டர், அந்தம்மா எத்தன மாசமா ஊசி போட்டுக்கறாங்க?" என்று கேட்டார். அவர் டாக்டர், பாய், நோயாளி இல்லை என்றேன். "இல்லீங்க. இது கேட்டு எழுதுனது இல்லீங்க. பட்டு எழுதுனது" என்றார்.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்தேன். மே, ஜூனில் செவ்வாய், வியாழன் என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் ஆகஸ்ட் ஒன்பது, திங்கள். செப்டம்பர் மூன்று, வெள்ளி. பதினைந்து, புதன். ஊசிக்கு மறுநாள், பேனா பிடிக்காத நாளில், ஒன்றுகூட இல்லை. கிட் வந்தபோது முதல் ஆள் நான் என்று எழுதினாய். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன் என்று எழுதினாய். முடியை வெட்டினாய். நோன்புக்கு வரவில்லை. தொண்ணூற்றாறு மார்க் வாங்கியவனுக்கு இது தெரியவில்லை, பாய் பின்னுகிறவருக்குத் தெரிந்துவிட்டது.

போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன். அந்த ஊசி என்னுடையதா? பிரசவத்துக்குப் பிறகு பன்னிரண்டு. ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒன்று. அத்தனையும் நான் ஆசையாகப் போட்டது. அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். இது மருந்தின் அழுகை இல்லை.

22ஆம் தேதி வெள்ளிக்கிழமை வாரேன். அன்றைய ஊசியை நான் போடுகிறேன். என் கையால் வேண்டாம் என்று நீ சொன்னால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நீ போட்டுக்கொள்ளும் வரை காத்திருக்கிறேன். எது ஆனாலும் வாரேன்.

அண்ணன்
சுந்தரராஜுலு


சிங்காநல்லூர்
18-10-1999, திங்கள் மதியம்

என் அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதிவந்தது பொய். இன்று எழுதுவது நிஜம். முப்பத்து நான்காவது ஊசி இன்று சாயங்காலம். ஈரல் எண்கள் பாதிக்குமேல் இறங்கிவிட்டன. மருந்து எனக்குக் கேட்கிறது. முடி திரும்ப வளரும்.

உங்கள் ஊசியா என்று கேட்டீர்கள். தெரியாது அண்ணா. இருக்கலாம். வார்டில் வேலை பார்த்த வருஷங்களில் நோயாளிக்குக் குத்திய ஊசி என் விரலிலும் இரண்டு தடவை குத்தியிருக்கிறது, அதுவாகவும் இருக்கலாம். எந்த மிஷினும் இதைச் சொல்லாது. உங்களைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை, தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன்.

மறைத்தது ஏன் என்று கேட்பீர்கள். ஜூனில் உங்களிடம் சொல்லியிருந்தால் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அப்புறம் போர்டு ஏது, எண்பத்து மூன்று பேர் ஏது? சிக்கந்தர் பாய் வயிறு வீங்கித்தான் வந்திருப்பார். என் அண்ணன் நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது. நின்றீர்கள். என்மேல் கோபம் இருந்தால் நேரில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பாயை விசாரித்ததாகச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் அலுத்தால் நெல்லிக்காய் ஊறுகாயும் கேட்கும். ஹாரிகா கொண்டுவந்த பாட்டில் காலியாகிவிட்டது, அண்ணியிடம் இன்னொன்று வாங்கிவரவும்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி ஊசியைப் போடாமல் வைத்திருப்பேன். பெஞ்சில் எல்லாம் உட்கார வேண்டாம். கையைக் கழுவி, சிரிஞ்சுக் கவரை என் கண்முன்னால் பிரிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

இடது கைதான் அண்ணா, எப்போதும் போல.

லச்சு